படம் போதாது, குப்பையும் வேண்டும்

காவிரிப் படுகையில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து மறைந்த ஓவியர் ஒருவரின் வேலை வெளியே வருவது பெரும்பாலும் வீடு கைமாறும்போதுதான். பெரியவர் போய்விடுகிறார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். காரியங்கள் முடிந்த கையோடு நாட்டு ஓட்டு வீட்டை விலை பேசுகிறார்கள். பரணை ஒழித்தால் அண்டாவுக்குப் பின்னால் சாக்கில் சுற்றிய பலகைகள், ஒரு தகரப் பெட்டி, சணல் கட்டிய காகிதச் சுருள், கோந்து உறைந்துபோன கிண்ணம், முனை தேய்ந்த தூரிகைகள். பலகைகள் கூடத்துக்கு இறங்குகின்றன. யாரோ ஈரத்துணியால் துடைக்கிறார்கள். மற்றதெல்லாம் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போகிறது.

அந்த ஒரு பிற்பகலில் இரண்டு தவறுகள் நடந்துவிடுகின்றன. ஈரத்துணி வண்ணத்தைக் கரைக்கிறது. காகிதச் சுருள் போனது அதைவிடப் பெரிய இழப்பு. படத்தைப் பார்த்தால் கை தேர்ந்ததா இல்லையா என்று தெரியும்; அது யாருடைய கை என்று தெரியாது. அதைச் சொல்வது படத்தோடு கிடந்த குப்பைதான். கணக்கு நோட்டு, பாதி வரைந்த தாள், கல் வாங்கிய ரசீது, சட்டத்தின் பின்னால் ஒட்டிய பழைய செய்தித்தாள் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு மனிதர் தெரிவார். அவை பிரிந்துபோனால் நல்ல படங்கள் மிஞ்சும், ஓவியர் மிஞ்சமாட்டார்.

பெயர் ஏன் இல்லை

தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் கையெழுத்து இல்லாததை ஓவியரின் அடக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தொழில் அமைந்திருந்த விதம்தான் முதல் காரணம். மராட்டியர் ஆட்சியில் செழித்த இந்தத் தொழிலை ராஜு வகுப்புக் குடும்பங்கள் பலவும் செய்துவந்தன. ஒரு படம் ஒரே கையில் தொடங்கி அதே கையில் முடிவதில்லை. பலகையில் துணி ஒட்டுபவர் ஒருவர், மேடு எழுப்ப மக்கு என்ற பசை வைப்பவர் இன்னொருவர், கல் பதிப்பது வீட்டுப் பெண்கள், முகத்தைத் தீட்டிக் கண் திறப்பது மூத்தவர். இதில் யார் கையெழுத்துப் போடுவது? படம் போவதோ பூஜை அறைக்கு. அங்கே கும்பிடப்படுவது ராமர் பட்டாபிஷேகம்; வரைந்தவர் பெயரை அதன் மேல் எழுத வாங்குபவர் சம்மதிக்கமாட்டார்.

இந்த மண்ணில் பெயர் எழுதும் பழக்கமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரும், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. அதே கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்நாழியில் சுந்தரரையும் திரிபுரம் எரித்தவரையும் தீட்டிய கைகள் யாருடையவை என்பது இன்றுவரை தெரியாது. அங்கிருந்து ஒன்றரை மணிநேரத் தூரத்தில், திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில், முசுகுந்தன் கதையைத் தீட்டிய சிங்காதனம் என்ற ஓவியர் தன் பெயரையே எழுதிவைத்திருக்கிறார். மராட்டிய மன்னர் சகஜியின் காலத்து வேலை அது. தமிழில் படவிளக்கம் எழுத இடம் இருந்ததால் தன்னையும் எழுதிக்கொள்ள அவருக்கு இடம் கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் பெயரை ஊரறியச் செய்தது அச்சு. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த பத்திரிகை ஓவியர் கோபுலுவின் கையெழுத்து வாராவாரம் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. அதே படுகையில் அதே பயிற்சியோடு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டராக இருந்தவர், நாடகக் குழுவுக்குச் சீன் எழுதியவர், ஸ்டுடியோவின் பின்திரையில் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்தவர், கோபுரத்துச் சுதைக்கு வர்ணம் தீட்டியவர் எல்லோரும் உள்ளூரில் மட்டும் தெரிந்தவர்களாகவே முடிந்துபோனார்கள். இவர்களில் சிலர் சம்பாத்தியத்துக்கு ஒரு வேலையும், ராத்திரியில் தனக்கென்று வேறு வேலையும் செய்திருக்கிறார்கள். பரணில் கிடைப்பது இந்த இரண்டாவது வகையாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதற்கு வாங்கியவர் இல்லை. ஊரில் வேறு சாட்சி இல்லை. அந்தப் பெட்டி மட்டும்தான் ஆதாரம்.

முதல் நாள்

பரணில் எதையும் இறக்குவதற்கு முன் அது கிடக்கிற கிடையிலேயே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கைபேசி போதும். அறை முழுதும் தெரிய நான்கு மூலையிலிருந்து ஒவ்வொன்று. பிறகு ஒவ்வொரு பெட்டியும், மூட்டையும் அவிழ்ப்பதற்கு முன் ஒன்று, அவிழ்த்த பின் ஒன்று. எந்தக் காகிதம் எந்தப் பலகைக்கு அடியில் கிடந்தது என்பது பின்னாளில் பெரிய கேள்வியாகும். அன்றைக்கு அற்பமாகத் தெரிகிற இந்தத் தகவலைப் பிறகு எந்த நிபுணராலும் மீட்க முடியாது.

எண் போடுவது எளிய முறையில் இருக்கட்டும். பெட்டி 2, கட்டு 3, தாள் 14 என்றால் 2-3-14. பலகையிலோ தாளிலோ பால்பாயிண்ட் பேனாவால் எழுதக்கூடாது. மை ஊறி மறுபக்கம் வரும். தாளின் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் மெல்ல எழுதலாம். பலகைக்கு அட்டைத்துண்டில் எண் எழுதி நூலால் கட்டலாம். ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது, உரிக்கும்போது வண்ணத்தோடு வரும். உதிர்ந்து கிடக்கும் கல், மக்குத் துண்டு, தங்க ரேக்கு என்ற மெல்லிய தங்கத் தகட்டின் துணுக்கு எதையும் பெருக்கித் தள்ளிவிடாமல், எந்தப் பலகையின் அடியில் கிடந்ததோ அந்த எண்ணிட்ட சிறு உறைக்குள் போட்டுவைக்க வேண்டும். திரும்பப் பதிக்க முடிகிறதோ இல்லையோ, எந்த வண்ணம், எந்தப் பசை என்று சோதித்துப் பார்க்கப் படத்தில் கைவைக்காமல் கிடைக்கிற மாதிரி அதுதான்.

கட்டுகளின் வரிசையைக் கலைக்கக்கூடாது. ராமர் எல்லாம் ஒரு பக்கம், கிருஷ்ணர் எல்லாம் ஒரு பக்கம் என்று அடுக்கத் தோன்றும். ஓவியர் வைத்திருந்த வரிசையே ஒரு தகவல். ஒரே கட்டில் கிடக்கும் வரைவுகள் ஒரே காலத்தவையாகவோ ஒரே வேலைக்கானவையாகவோ இருக்கும். கண்ணுக்கு அழகான ஒழுங்கு வந்துவிட்டால் அந்தக் காலவரிசை போய்விடும்.

பிறகு ஒவ்வொன்றாகப் படம் எடுக்க வேண்டும். முற்றத்தில் வெயில் நேரடியாக விழாத இடத்தில் காலை வெளிச்சம் சிறந்தது. ஃபிளாஷ் போட்டால் தங்கம் வெள்ளைத் திட்டாக எரிந்து மற்றது இருண்டுபோகும். படத்துக்கு நேர் எதிரே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ் ஓரத்தில் ஒரு அளவுகோல் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்புகள் என்று எடுக்கலாம். அதன்பின் அறையை இருட்டாக்கிப் பலகையின் பக்கவாட்டிலிருந்து, கிட்டத்தட்டத் தரையோடு தரையாக டார்ச் அடித்து இன்னொன்று. நேர் வெளிச்சத்தில் தெரியாதது எல்லாம் இதில் எழுந்து நிற்கும்: எங்கே மக்கு தூக்கிக்கொண்டிருக்கிறது, எங்கே பழைய கோட்டின் மேல் புதுக் கோடு போட்டிருக்கிறார், எங்கே மனதை மாற்றிக்கொண்டு கையின் நிலையைத் திருத்தினார் என்பதெல்லாம். உயரம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதி, இந்தப் பதிவின் மூன்று பிரதிகளை மூன்று இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி டெல்டாவின் ஓட்டு வீடுகளைப் பிய்த்தெறிந்த பிறகும் இதற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

பலகையின் உடம்பு

தஞ்சாவூர்ப் படம் ஒரு அடுக்குப் பொருள். ஒவ்வொரு அடுக்கும் ஈரத்துக்கும் வெயிலுக்கும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதால்தான் அது கெடுகிறது. அடியில் மரம்: பழையதென்றால் பலாவோ தேக்கோ, புதியதென்றால் பிளைவுட். அதன் மேல் புளியங்கொட்டைப் பசையாலோ கோந்தாலோ ஒட்டிய காடாத் துணி. துணிமேல் சுண்ணாம்புத் தூளைப் பசையோடு குழைத்துப் பூசி, காய்ந்தபின் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கிய பூச்சு. அதன்மேல் கோடு. நகை, மண்டபம், பிரபை வரும் இடங்களில் மக்கு வைத்து மேடாக்கி, ஈரம் இருக்கும்போதே கல்லைப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம்.

மரம் அடைமழையில் நாருக்குக் குறுக்காக உப்பும், பங்குனி சித்திரையில் சுருங்கும். மேலே உள்ள சுண்ணாம்புப் பூச்சுக்கு அந்த நெளிவு கிடையாது. ஆகவே பலகைகள் இணையும் கோட்டில் நெட்டுக்குத்தாக விரிசல் விழும். விரிசலின் இரு கரையிலும் பூச்சு தூக்கி, வண்ணத்தோடு செதிலாக உதிரும். பரணில் பல வருஷம் ஓட்டுச் சூட்டிலும் கசிவிலும் கிடந்த பலகையை நேரே ஏசி அறைக்குக் கொண்டுபோனாலோ, ஈரம் போகட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் சாய்த்துவைத்தாலோ இதுவே சில மணிநேரத்தில் நடக்கும். பல வருஷமாகத் தாங்கியது ஒரு நாளில் போவது இப்படித்தான். நிழலான, காற்றோட்டமுள்ள, மின்விசிறி நேரே அடிக்காத அறையில் இரண்டு மூன்று வாரம் விட்டு அதை அந்த அறைக்குப் பழக்க வேண்டும். ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதா அறுபதா என்பதைவிட, அது ஏறி இறங்காமல் இருப்பதுதான் முக்கியம்.

ஈரத்துணி ஏன் ஆகாது என்பதும் இந்த அடுக்கிலேயே இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் பிடித்துவைத்திருப்பது நீரில் கரையும் பசை. ஒரு துடைப்பில் மேல்வண்ணம் துணிக்கு வரும். விரிசல் வழியாக இறங்கிய நீர் அடியில் பூச்சை இளக்கும். நீண்ட நாள் விளக்குப் புகையில் இருந்த படத்தில் கரியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். அதை எடுக்க ஷாம்பு, உருளைக்கிழங்குத் துண்டு, ரொட்டி, மண்ணெண்ணெய் என்று வீட்டுக்கு வீடு வைத்தியம் சொல்வார்கள். எதுவும் வேண்டாம். தூக்காத, உதிராத பகுதிகளில் மட்டும் மென்மையான அகலத் தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மீதி பாதுகாப்பு வல்லுநர் வேலை. பூசிய குங்குமமும் சந்தனமும்கூட வழிபாட்டின் தடயம். சுரண்டத் தேவையில்லை.

பளபளப்புக்காக வார்னிஷ் அடிப்பது இன்னொரு கேடு. சில வருஷத்தில் மஞ்சளாகும். எடுக்கவேண்டுமென்றால் கரைப்பான் வேண்டும். கரைப்பான் வண்ணத்தையும் தொடும். கறுத்துப்போன தங்கத்தின் மேல் கோல்டு பெயிண்ட் பூசுவதும் அதே வகை. அசல் தங்க ரேக்கு கறுக்காது. அதன்மேல் படிந்தது புகையாக இருக்கும்; அடியில் தங்கம் அப்படியே இருக்கும். பச்சை பூத்திருந்தால் அது பித்தளை இலை. அதுவும் ஒரு தகவல்தான்: வாங்கியவரின் வசதியையோ, ஓவியரின் கைக்காசையோ அது சொல்கிறது.

கரையான் பின்பக்கத்திலிருந்து வரும். முன்னால் படம் முழுசாகத் தெரியும், உள்ளே மரமும் துணியும் போயிருக்கும். விரல் நுனியால் பின்பக்கம் மெல்லத் தட்டினால் வெற்றோசை கேட்கும். அப்படிப்பட்ட பலகையை நிமிர்த்தித் தூக்கினால் தன் எடையிலேயே நொறுங்கும். அடியில் கெட்டியான அட்டையையோ பிளைவுட்டையோ நுழைத்து, படுத்த நிலையிலேயே எடுக்க வேண்டும். மரவண்டு வேறு. ஊசித்துளை போட்டு மாவு தள்ளும். துளை பழையதா, வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பலகைக்குக் கீழே கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு மூன்று வாரம் விட்டால், புது மாவு விழுந்தால் தெரியும். விழுந்தால் அந்தப் பலகையை மற்றவற்றிலிருந்து உடனே தனியாக்க வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கக்கூடாது. பின்பக்கம் மண்ணெண்ணெய் தடவுவது டெல்டாவில் வெகு சகஜம். அது துணி வழியாக ஊறி முன்னால் கறையாக வரும். ஆக்சிஜனை நீக்கிய உறைக்குள் வாரக்கணக்கில் வைத்து வண்டைக் கொல்லும் முறை வல்லுநர்களிடம் இருக்கிறது. படத்தில் எதுவும் படாமல் முடியும் வேலை அது.

எச்சரிக்கை ஒன்று. பழைய சிவப்பு சாதிலிங்கமாக இருக்கலாம், அது பாதரசம். பழைய மஞ்சள் அரிதாரமாக இருக்கலாம், அது ஆர்சனிக். வெள்ளையும் செந்தூரமும் ஈயமாக இருக்கலாம். உதிர்ந்த வண்ணத்தூளைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பெட்டியில் சிறு டப்பாக்களில் வண்ணக் கட்டிகள் இருந்தால் கொட்டவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஓவியர் எந்த வண்ணத்தைப் பயன்படுத்தினார் என்பதற்கு அதைவிட நேரடிச் சாட்சி கிடைக்காது.

வைக்கும் முறையையும் சொல்லிவிடலாம். தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மரச்சட்டம், சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி, உறுதியான பலகைகள் நின்ற நிலையில், நடுவில் காடாத் துணி. துணியைப் பலமுறை அலசிக் கஞ்சியை முழுக்கப் போக்கியிருக்க வேண்டும். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். பிளாஸ்டிக் உறையால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வேப்பிலை போடலாம், படத்தில் படாமல். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் சட்டத்தைக் கழற்றவே கூடாது.

காகிதம், துணி, நெகட்டிவ்

காகிதத்தில் இரண்டு பொருள் மிக முக்கியம். ஒன்று ஊசியால் துளையிட்ட கோட்டுத்தாள். உருவத்தின் கோடு நெடுகத் துளையிட்டு, பலகைமேல் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் கோடு புள்ளிகளாக இறங்கும். ஒரே தாளால் எத்தனை படமும் செய்யலாம். விளிம்பெல்லாம் கறுத்து ஓட்டையாக இருப்பதால் குப்பை என்றே எல்லோரும் நினைப்பார்கள். இதை அளவு மாறாமல் பலகைப் படத்தின்மேல் கணினியில் பொருத்திப் பார்த்தால், எங்கோ ஒரு செட்டிநாட்டு வீட்டில் தொங்கும் பெயரில்லாப் படம் இந்தப் பரணோடு சேர்ந்துவிடக்கூடும். இன்னொன்று கணக்கு நோட்டு. யார் என்ன அளவில் கேட்டார், முன்பணம் எவ்வளவு, ரேக்கு எத்தனை, எப்போது கொடுத்தது என்ற வரிகளில் ஊர்ப்பெயரும் வருஷமும் கிடைக்கும். தமிழ் வருஷப் பெயராக இருந்தால் அறுபது ஆண்டுச் சுற்றில் எந்தச் சுற்று என்பதைக் காகிதமும் விலையும் சொல்லும்.

இவற்றை லேமினேஷன் செய்வது பாதுகாப்பு அல்ல. சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. செல்லோ டேப் ஒட்டுவது, இஸ்திரி போடுவது இரண்டும் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், துருவை உதிர்த்து மெல்லத் தூக்கி எடுக்க வேண்டும். நனைந்த கட்டு என்றால் அவசரம் உண்டு. இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். பிரிகிற தாள்களை மட்டும் பிரித்து, இடையிடையே மை ஒற்றும் தாள் வைத்து, காற்றோட்டத்தில் ஆறவிட வேண்டும்.

சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர்ப் பக்கத்துக் கலம்காரித் துணிகள் கிடைத்தால் மடிக்காமல் அகலக் குழாயில் சுருட்ட வேண்டும். மடித்த இடத்தில்தான் முதலில் கிழியும். தொங்கவிடும் துணி உருளைகளான தொம்பையும் தோரணமும் கோயிலுக்குப் போய், நைந்ததும் மாற்றப்படுபவை. அந்த வேலைக்காரர்களின் கை அதனாலேயே அதிகம் மறைந்துபோனது.

ஸ்டுடியோ நெகட்டிவ்கள் இருந்தால் மூக்கைத்தான் முதலில் நம்ப வேண்டும். புளித்த காடி வாடை வந்தால் பிலிமின் அடித்தளம் சிதைய ஆரம்பித்துவிட்டது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் பிரதி எடுக்க வேண்டும். கண்ணாடி நெகட்டிவ்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கத்தி நுழைக்கக்கூடாது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின்கீழ் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியிருக்கிறது. தூக்கி எறியும் முன் கேட்டுப்பார்க்க இடம் இல்லாமல் இல்லை.

யார் கை?

ஒரே பரணில் கிடந்ததால் எல்லாம் ஒரே ஆள் வரைந்தது என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கோட்டுத்தாள்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கும், சம்பந்தி வீட்டுக்கும் போகும் சொத்து. அவை பட்டறையைக் காட்டும், கையைக் காட்டாது. கையைப் பார்க்க வேண்டிய இடம், வரைபவர் யோசிக்காமல் வரையும் இடம். காது மடலின் உள்வளைவு, விரல் நகம், கால் கட்டைவிரல், கண்ணின் கடைக்கோடு, திரைச்சீலையின் மடிப்பு. பத்து மடங்கு லென்ஸால் பார்த்து, பத்துப் படங்களிலிருந்து இதே உறுப்பைப் பக்கம் பக்கமாக அடுக்கினால், இரண்டு மூன்று கைகள் தனித்தனியாகப் பிரிவது தெரியும். பின்பக்கமும் பேசும். துணியை எந்தப் பக்கம் மடித்து ஒட்டினார், ஆணி எந்த வகை, சட்டம் போட்ட கடையின் சீட்டு எந்த ஊர் என்பன பட்டறைப் பழக்கங்கள். பின்னால் ஒட்டிய செய்தித்தாளின் தேதிக்கு முன்னால் அந்த ஒட்டல் நடந்திருக்க முடியாது. ஆனால் சட்டம் பிற்காலத்தில் மாற்றியதாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

வண்ணமும் காலம் சொல்லும். டைட்டானியம் வெள்ளை 1920களுக்குப் பிறகுதான் பரவலாகக் கிடைத்தது. புற ஊதா டார்ச்சில் துத்தநாக வெள்ளை மஞ்சள்பச்சையாக ஒளிரும். டைட்டானியம் இருண்டு தெரியும். தாத்தா காலத்தது என்று சொல்லப்படும் படத்தில் முகம் முழுக்க டைட்டானியம் இருந்தால், ஒன்று படம் புதியது, இல்லையேல் முகத்தை யாரோ பின்னால் திருப்பித் தீட்டியிருக்கிறார்கள். இரண்டாவது இங்கே சாதாரணம். மங்கிய சாமி படத்தை விசேஷத்துக்கு முன் புதுப்பிப்பது வழக்கமாக இருந்த வீடுகள் உண்டு.

மேல்வண்ணத்தை எடுத்துவிட்டு அடியில் உள்ள அசலைக் காட்டலாமே என்ற ஆசை அப்போது வரும். தஞ்சைப் பெரிய கோயிலே இதற்குப் பாடம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி இருண்ட உள்நாழியில் சோழர் ஓவியங்களை அடையாளம் கண்டபோது, அவற்றின் மேல் நாயக்கர் கால ஓவியங்கள் ஒரு முழு அடுக்காக இருந்தன. கீழுள்ளது மூத்தது என்பதற்காக மேலுள்ளதைச் சுரண்டி எறிந்திருந்தால் இன்னொரு தலைமுறை ஓவியர்கள் அடியோடு போயிருப்பார்கள். இந்தியத் தொல்லியல் துறை பின்னாளில் நாயக்கர் அடுக்கைப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்து இரண்டையும் காப்பாற்றியது. வீட்டுப் படத்துக்கு அத்தனை வசதி கிடைக்காது. ஆகவே மேலடுக்கைத் தொடாமல், அகச்சிவப்புக் கேமராவிலோ எக்ஸ்ரேயிலோ அடிக்கோட்டைப் பார்த்துப் பதிவுசெய்து நிறுத்துவதே நியாயம்.

பிரிந்த பெட்டி, பிரியாத பெட்டி

வெளிநாட்டு உதாரணம் இரண்டு போதும், எதிரெதிரானவை. அமெரிக்காவின் சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர் லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்தவர். வாடகை கட்டாததால் அவருடைய கிடங்குப் பெட்டிகள் 2007இல் ஏலத்துக்குப் போய்ப் பலர் கைக்குப் பிரிந்தன. 2009இல் அவர் இறந்த பிறகுதான் புகழ் வந்தது. யாரிடம் எது இருக்கிறது, உரிமை யாருக்கு என்ற வழக்கும் கூடவே வந்தது. ஸ்வீடனின் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளின்ட் 1944இல் இறந்தபோது, இருபது ஆண்டுகளுக்குத் தன் படங்களைக் காட்டக்கூடாது என்று சொல்லிவைத்தார். 1,200க்கும் மேற்பட்ட ஓவியங்கள் குறிப்பேடுகளோடு மருமகன் முறையான ஒருவரிடம் ஒரே இடத்தில் இருந்தன. 1986இல் அவை பொதுப் பார்வைக்கு வந்தபோது, எந்தப் படம் எந்தத் தொடரில் எத்தனையாவது, அதன் குறியீடு என்ன என்பதை அவருடைய எழுத்திலேயே படிக்க முடிந்தது. மேயரின் நோக்கத்தை இன்றும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கிளின்டினுடையதை ஊகிக்கத் தேவையில்லை.

டெல்டாவில் பெட்டி பிரிவது பாகப்பிரிவினையால். ஆளுக்கு மூன்று படம் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை, பதிவு முடிந்த பிறகு. நோட்டு, கோட்டுத்தாள், வரைவு, கருவி ஆகியவற்றை மட்டும் பங்கு போடாமல் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம், சென்னை அரசு அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பேசிப்பார்க்கலாம். கொடுப்பதென்றால் பட்டியலோடு, கையெழுத்தான ரசீதோடு கொடுக்க வேண்டும்.

சட்டத்தில் தெரிந்துவைக்க வேண்டியது கொஞ்சம்தான். நூறாண்டு ஆன ஓவியம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். பதிவு செய்ய வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதைவிடப் புதிய வேலை ஓவியர் தனக்கென்று வரைந்ததாக இருந்தால், அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை வாரிசுகளுக்கு உண்டு. பலகையை விற்பதால் அந்த உரிமை போய்விடாது. எழுதிக் கையெழுத்திட்டால்தான் போகும். வியாபாரி நீட்டும் தாளில் 'சகல உரிமைகளும்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓவியர் பெயர் போட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் சட்டப்படி வாரிசுகளுக்கு இருக்கிறது.

பெயர் பரவி விலை ஏறினால் போலியும் வரும். பழைய பிளைவுட்டில் புதுப் படம், உண்மைப் படத்திலேயே புதுக் கையெழுத்து இரண்டும் வரும். முதல் வாரத்தில் எடுத்த முன்பின் படங்களும் அளவுகளும் அப்போதுதான் கைகொடுக்கும். பட்டியலில் இல்லாத படம் அந்தப் பரணிலிருந்து வரவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்னொரு வேலை காத்திருக்காது: கூட இருந்தவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்வது. "அவர் எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் நல்லவர் என்ற பதில்தான் வரும். பசை யார் காய்ச்சினார்கள், எந்தக் கடையில் கல் வாங்கினார்கள், ராத்திரி எந்த விளக்கில் வரைந்தார், முகத்தை யார் போட்டார்கள் என்று கேட்க வேண்டும். பாட்டியிடமோ அத்தையிடமோ இதைக் கேட்கும்போது, "கல்லெல்லாம் நான்தான் பதிப்பேன், பார்டரும் நான்தான்" என்ற பதில் வரக்கூடும். அப்போது பட்டியலில் இரண்டாவது கைக்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். மறைந்த ஒரு ஓவியரை மீட்கிற அவசரத்தில் பக்கத்தில் உயிரோடு இருப்பவரை மறைத்துவிடுவது எளிது.

எல்லாம் தேடியும் பெயர் கிடைக்காத படங்கள் மிஞ்சும். அவற்றுக்கு நேரே 'ஓவியர் தெரியவில்லை' என்று எழுதி மூடிவிடாமல், ஊர், தெரு, பரண், பெட்டி எண் எழுதி, அடுத்து 'கை அ', 'கை ஆ' என்று பிரித்து எழுதலாம். காதும் நகமும் எப்படி இருக்கும் என்று இரண்டு வரியும் ஒரு நெருக்கப் படமும் சேர்க்கலாம். நாளைக்கு மன்னார்குடியிலோ சீர்காழியிலோ இன்னொரு வீட்டில் இன்னொரு பெட்டி திறக்கும்போது, அதில் கிடக்கும் நோட்டில் ஒரு பெயரும் இதே நகமும் இருந்தால், அந்த 'அ' இருந்த இடத்தில் பெயரை எழுதிக்கொள்ளலாம்.